செபுப் பெண்ணின் உச்சரிப்பைக் கேட்டு மணிலாக்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

துபாயில் பிலிப்பினோக்களோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "செபுவிலிருந்து வந்த ஒரு பெண் தகாலோக் மொழியில் பேசத் தொடங்கினாலே, மணிலாவைச் சேர்ந்தவர்கள் அவர் சொன்னதை அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் சில நாட்களாக அவர்களோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறார். இது நண்பர்களுக்குள் நடக்கும் கேலியா, பாகுபாடா? வெளியாருக்கு ஒரே மக்களாகத் தெரிகிறவர்களுக்குள் இது எப்படி வந்தது?"

இது பாகுபாடுதான். சிரிப்பவர்களில் பலர் தீய எண்ணம் இல்லாதவர்கள் என்பதாலோ, அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தார் என்பதாலோ அது வேறொன்றாகிவிடாது. பிலிப்பைன்ஸில் ஒருவருடைய உச்சரிப்பைக் கேட்பவர், அவர் எந்த ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவர் ஏழையா, படித்தவரா, வீட்டு வேலைக்கு வந்தவரா, மேலாளராக வந்தவரா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்துவிடுகிறார். இந்தப் பழக்கம் தானாக முளைத்ததன்று. அரசின் மொழிக் கொள்கையும், தலைநகரில் குவிந்த பணமும், தொலைக்காட்சியும் சேர்ந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் இதை வளர்த்திருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகள் கொண்ட நாடு. தகாலோக் பேசும் தலைநகர் மணிலா வடக்கே லூசோன் தீவில் இருக்கிறது; செபு நடுவிலுள்ள விசயாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது; தெற்கே மிண்டனாவோ. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பொதுவாகப் பேசும் மொழி தகாலோக் என்று சொன்ன குடும்பங்கள் 39.9 விழுக்காடு. பிசாயா என்று சொன்னவை 16 விழுக்காடு. செபுவானோ என்று தனியாகக் குறிப்பிட்டவை 6.5 விழுக்காடு. இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே மொழியின் இரண்டு பெயர்கள். அடுத்து ஹிலிகாய்னோன், இலோகானோ, பிகோல், வாராய், கபம்பாங்கன் என்று வரிசை நீள்கிறது. இவற்றை ஒரு மொழியின் வட்டார வழக்குகள் என்று எண்ணிவிடக் கூடாது. தகாலோக் மட்டுமே தெரிந்த ஒருவர் இலோகானோ உரையாடலைக் கேட்டால் ஆங்காங்கே சில சொற்களுக்கு மேல் எதையும் பிடிக்க முடியாது. ஆகவே உங்கள் அலுவலகத்துச் செபுப் பெண் 'தகாலோக்கைத் தவறாகப் பேசுகிறார்' என்று சொல்வதைவிட, அவர் தம் இரண்டாவது அல்லது மூன்றாவது மொழியைப் பேசுகிறார் என்று சொல்வதே சரியானது.

அவர்கள் சிரிப்பது பெரும்பாலும் எதைக் கேட்டு என்று பார்க்கலாம். தகாலோக்கில் எகரமும் இகரமும் வெவ்வேறு உயிர்கள். ஒகரமும் உகரமும் அப்படியே. 'மேசா' என்றால் மேசை, 'மிசா' என்றால் தேவாலயத்துத் திருப்பலி. 'ஓசோ' என்றால் கரடி, 'ஊசோ' என்றால் இப்போது எல்லோரும் விரும்பி அணிவது. செபுவானோவிலோ அடிப்படையில் அ, இ, உ என்ற மூன்று உயிர்கள்தாம். அந்த மொழியில் வளர்ந்த காதுக்கும் நாவுக்கும் இகரமும் எகரமும் ஒரே ஒலியின் இரண்டு சாயல்கள். அதனால் அவர் பேசும் தகாலோக்கில் மேசை திருப்பலியாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பேனாவைக் குறிக்கும் 'பென்' குண்டூசியைக் குறிக்கும் 'பின்' ஆகிவிடுகிறது. இலக்கணத்திலும் இப்படியே. 'சாப்பிடுகிறார்' என்பதற்குத் தகாலோக்கில் வினையடிக்குள் ஓர் இடைநிலையை நுழைத்து, முதல் அசையை இரட்டித்துக் 'குமகாயின்' என்பார்கள். மிண்டனாவோவில் செபுவானோ பேசும் டாவோ நகரத்தாரோ தங்கள் மொழியின் முன்னொட்டைத் தகாலோக் வினையடியில் சேர்த்து 'நகாகாயின்' என்பார்கள். இதில் குழப்பம் எதுவும் இல்லை. தன்னளவில் ஒழுங்கான விதி. மணிலாவில் அது பாமரப் பேச்சாகக் கேட்கப்படுகிறது.

இவற்றையெல்லாம்விட அதிகத் தீங்கு செய்வதாக நான் கருதுவது 'போ' என்ற சிறு சொல். தகாலோக் பேசுபவர் மூத்தவர்களிடமும் மேலதிகாரிகளிடமும் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதைக்காக அதைச் சேர்த்துக்கொள்வார். செபுவானோவில் அதற்கு இணையான சொல் கிடையாது. அங்கே மரியாதை உறவுச் சொற்களில் இருக்கிறது. வயதில் மூத்த ஆணை 'நோங்' என்றும் பெண்ணை 'நாங்' என்றும் அழைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மணிலாவுக்குப் புதிதாக வந்த செபுக்காரர் தம் வீட்டு உரிமையாளரிடம் 'போ' இல்லாமல் ஒரு கேள்வி கேட்டால், அவர் திமிர் பிடித்தவர், வளர்ப்புச் சரியில்லாதவர் என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிசாயாக்கள், அதாவது விசயாஸ் மக்கள், முரடர்கள் என்ற பொதுப்பெயரில் கணிசமான பங்கு இந்த ஒற்றைச் சொல் இல்லாததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

தகாலோக் எப்படி அளவுகோலாயிற்று என்பதற்கு 1930களுக்குப் போக வேண்டும். அமெரிக்க ஆட்சியின் கீழ் எழுதப்பட்ட 1935ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டில் வழங்கும் மொழிகளில் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு தேசிய மொழியை உருவாக்க வேண்டும் என்றது. அதற்கென 1936இல் அமைக்கப்பட்ட நிறுவனம் தகாலோக்கைப் பரிந்துரைக்க, 1937 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் மனுவேல் கேசோன் அதை அறிவித்தார். அவர் தாமே தகாலோக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹைமே டி வெய்ரா விசயாஸின் லெய்தே தீவைச் சேர்ந்தவர், தகாலோக்கர் அல்லர் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லியாக வேண்டும். தலைநகரின் மொழி, அச்சேறிய நூல்கள் மிகுந்த மொழி என்று அதற்கு ஆதரவாக நியாயமான காரணங்களும் இருந்தன. ஆனால் அன்று தகாலோக் பேசியவர்கள் நாட்டில் பெரும்பான்மையினர் அல்லர். செபுவானோ பேசியவர்கள் அவர்களுக்கு எண்ணிக்கையில் இளைத்தவர்களும் அல்லர். 1959இல் அம்மொழிக்கு நாட்டின் பெயரையொட்டிப் 'பிலிபினோ' என்று பெயர் மாற்றினார்கள். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு 'ஃபிலிப்பினோ' என்றது. மற்ற மொழிகளும் சேர்ந்து இதை வளப்படுத்தும் என்று அந்த அரசியலமைப்பு சொன்னாலும், பள்ளியில் கற்பிக்கப்படுவது மணிலாத் தகாலோக்தான். பெயர் மாற்றத்தின் விளைவு என்னவென்றால், தகாலோக்கைச் சரளமாகப் பேசாதவர், நாட்டின் பெயரைத் தாங்கிய மொழியையே சரியாகப் பேசாதவர் ஆகிவிட்டார். நாட்டுப்பண்ணைத் தேசிய மொழியில் மட்டுமே பாட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிறது. செபுவில் இதைப் பற்றிய மனக்குறை இன்னும் ஆறவில்லை.

மொழிக் கொள்கை மட்டும் இருந்து, வேலையும் பணமும் பரவலாக இருந்திருந்தால் இத்தனை இறுக்கம் வந்திருக்காது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மண்டலத்துக்கு மண்டலம் மாறுகிறது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மணிலாப் பெருநகரில் ஒரு நாளைக்கு 645 பேசோ. அதே வேளையில் செபுப் பெருநகரில் 501 பேசோ. வேலை தேடி வருபவர்கள் தீவுகளிலிருந்து தலைநகருக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். பல தலைமுறைகளாக மணிலாவின் நடுத்தர வீடுகளில் சமையலுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வந்த பெண்களில் பெரும்பகுதியினர் விசயாஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள். செபுவிலும் இலோயிலோவிலும் தந்தை தம் மகளை அன்போடு அழைக்கும் 'இண்டாய்' என்ற சொல், மணிலாவில் வேலைக்காரிக்குப் பொதுப்பெயராகிவிட்டது இப்படித்தான். மணிலாக் குழந்தை ஒன்று பிசாயா உச்சரிப்பை முதலில் கேட்பது தன்னைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணிடமிருந்து. அடுத்துக் கேட்பது தொலைக்காட்சித் தொடரில் வரும் சமையற்காரியிடமிருந்தும் ஓட்டுநரிடமிருந்தும். நாடு முழுவதற்கும் ஒளிபரப்பும் பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் கேசோன் நகரில் இருக்கின்றன. அவற்றின் நாடகங்களில் மருத்துவரும் வழக்கறிஞரும் காதலனும் மணிலா உச்சரிப்பில் பேசுவார்கள். சிரிப்பூட்ட வருபவர் இகரத்தையும் எகரத்தையும் மாற்றிப் பேசுவார். மாகாண மொழிகளில் நாள்தோறும் செய்தி வழங்கிய ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனத்தின் வட்டாரச் செய்திப் பிரிவும், அதன் உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. தம் மொழியில் ஒருவர் கோட்டு அணிந்து செய்தி வாசிப்பதைக் காணும் வாய்ப்பையும் பல மாகாணங்கள் அதோடு இழந்தன.

மற்ற மக்களைப் பற்றியும் ஆளுக்கொரு முத்திரை உண்டு. இலோகானோக்கள் கஞ்சர்கள், வாராய்கள் சண்டைக்காரர்கள், ஹிலிகாய்னோன் பேசும் இலோங்கோக்கள் குழைந்து பேசுபவர்கள் என்பார்கள். தகாலோக்கையே தாய்மொழியாகக் கொண்ட பாத்தாங்காஸ் மாகாணத்தாரின் 'அலா ஏ' என்ற இழுவையைக்கூட மணிலா விட்டுவைப்பதில்லை. பம்பாங்கா மாகாணத்தின் கபம்பாங்கன்களை 'நாய் இரத்தம்' என்று ஏசுவது இவற்றில் கொடியது. 1901 மார்ச்சில் அமெரிக்கப் படை, தன்னை எதிர்த்துப் போரிட்ட பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் அகினால்தோவைப் பிடித்தபோது, பம்பாங்கா மாகாணத்தின் மகாபெபே ஊரைச் சேர்ந்த படைவீரர்கள் அமெரிக்கருக்குத் துணைநின்றார்கள் என்பது அதன் பின்னணியில் சொல்லப்படும் வரலாறு. நாட்டுக் கொடியிலுள்ள சூரியனின் எட்டுக் கதிர்கள் ஸ்பெயினை எதிர்த்து எழுந்த எட்டு மாகாணங்களைக் குறிக்கின்றன. அவற்றில் ஒன்று பம்பாங்கா என்பதை ஏசுபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

மலைவாழ் மக்களும் முஸ்லிம்களும் சந்திப்பது வேறு தரத்திலான வெறுப்பு. அதைக் கேலி என்ற சொல்லுக்குள் அடக்கவே முடியாது. வட லூசோன் மலைகளின் இகோரோட் மக்களை 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக்கினார்கள். அமெரிக்கர்கள் நம் எல்லோரையும் இப்படியே நினைக்கிறார்களே என்ற வெட்கம் சமவெளியின் படித்தவர்களிடம் நெடுங்காலம் நீடித்தது. பின்னாளில் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரான கார்லோஸ் ரோமுலோ, 1943இல் வெளியான தம் நூல் ஒன்றில், இகோரோட்டுகள் பிலிப்பினோக்களே அல்லர் என்று எழுதினார். 2009இல் மணிலாவிலிருந்து இகோரோட் மலைநாட்டின் பகியோ நகருக்கு வந்த ஒரு நகைச்சுவை நடிகை, 'நான் இகோரோட் அல்ல, மனிதப் பிறவி' என்ற பொருள்பட மேடையில் பேச, நகர மன்றம் அவரை நகருக்கு வேண்டாதவர் என்று அறிவித்தது; அவர் மன்னிப்புக் கேட்டார். தென்கோடியின் முஸ்லிம்களான மரனாவ், தவுசுக், மகுயிந்தனாவ் மக்களுக்கோ, உச்சரிப்போடு பெயரும் தலைத்துணியும் சேர்ந்துகொள்கின்றன. மணிலாவில் வாடகைக்கு அறை தேடும்போது அது தெரியும்.

கேலிக்கு உள்ளாகிறவர்கள் தமக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொள்வதும் நடக்கிறது. செபுவுக்கு அடுத்த தீவான போஹோலில் அதே மொழியைப் பேசுபவர்கள் யகரத்தை ஜகரமாக ஒலிப்பார்கள். 'நல்லது' என்பதற்குச் செபுக்காரர் 'மாஆயோ' என்றால் போஹோல்காரர் 'மாஆஜோ' என்பார். மணிலாவில் தம்மைப் பார்த்துச் சிரிப்பதாக வருந்தும் அதே செபுக்காரர், ஊர் திரும்பியதும் இந்த ஜகரத்தைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. மிண்டனாவோவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே இருபதாம் நூற்றாண்டில் அரசின் குடியேற்றத் திட்டங்கள் வழியாக வந்து நிலம் பெற்ற விசயாஸ்காரர்களின் மொழியே இன்று பெரும்பகுதியில் சந்தை மொழி; லுமாட் எனப்படும் பழங்குடியினரின் பிள்ளைகள் அதை விசயாஸ்காரர்களின் தொனியில் பேசாவிட்டால் அங்கே நகைப்புக்கு உள்ளாவார்கள்.

இந்த அடுக்கின் உச்சியில் தகாலோக் இல்லை, ஆங்கிலம் இருக்கிறது. மணிலாவின் செல்வந்தர் பள்ளிகளில் ஆங்கிலமும் தகாலோக்கும் கலந்து பேசும் ஒரு தனிப் பாணி உண்டு. அதைக் 'கோன்யோ' என்பார்கள். அதையும் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்தக் கிண்டலால் எவருக்கும் வேலை கிடைக்காமல் போனதில்லை. 2024 அளவில் ஏறத்தாழ 18 லட்சம் பேருக்கு வேலை தந்த அழைப்பு மையம், அயற்பணித் துறையில் நேர்காணலின்போதே உச்சரிப்பைச் சோதிக்கிறார்கள். சேர்ந்த பிறகு அதை அமெரிக்கக் காதுக்கு ஏற்றபடி சமன்செய்யப் பயிற்சி தருகிறார்கள். அங்கே ஃபகரத்தைப் பகரமாக ஒலிக்கும் தகாலோக்காரரும், எகரத்தை இகரமாக ஒலிக்கும் செபுக்காரரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து திருத்தப்படுகிறார்கள். பள்ளிகளிலும் இதே மனப்பான்மைதான்: வகுப்பறையில் தாய்மொழி பேசினால் அபராதம் என்பது மாகாணங்களில் பலருக்கும் பழகிய விதி. 2013இல் இலோகோஸ் வடக்கு மாகாணத்தின் லாவோக் நகரில், ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியை மீறி இலோகானோ பேசினார்கள் என்று ஒரு தனியார் பள்ளி மூன்று மாணவர்களை வெளியேற்றியது. இலோகானோ மக்களின் சொந்த மண்ணில், அம்மொழியை அதே மண்டலத்தின் லா யூனியோன் மாகாணம் அலுவல் மொழியாக ஏற்ற மறு ஆண்டில் இது நடந்தது.

உங்கள் அலுவலகத்துப் பெண் ஆங்கிலத்துக்கு மாறியதன் பொருளும் இதில் இருக்கிறது. செபுக்காரர்கள் பலர், மணிலாக்காரரோடு பேச நேரும்போது தகாலோக்கைத் தவிர்த்து ஆங்கிலத்தையே விரும்புவார்கள். ஏனெனில் அது இருவருக்கும் சொந்தமில்லாத மொழி, அதில் எவருக்கும் பிறப்பால் முன்னுரிமை இல்லை. அவர் ஒதுங்கிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தமக்குச் சமநிலை கிடைக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறார். நீங்கள் செய்யக்கூடியது, அந்தச் சிரிப்பில் சேராமல் இருப்பதும், பதவி உயர்வு, வாடிக்கையாளர் சந்திப்பு போன்றவற்றில் 'அவருக்குப் பேச்சு வராது' என்று எவராவது சொன்னால் எந்த வேலையில் எது புரியாமல் போனது என்று குறிப்பாகக் கேட்பதும் ஆகும்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று. 1906இல் பதினைந்து இலோகானோத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்ததிலிருந்து அங்கே பிலிப்பினோக்கள் வேரூன்றினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிலிப்பினோப் பிள்ளைகளே புதிதாக வந்தவர்களின் ஆங்கிலத்தைப் பகடி செய்வது இன்றும் வழக்கம். 1981இல் ஹொனலுலு நகராட்சியின் வாகன உரிமப் பிரிவில் எழுத்தர் வேலைக்கான தேர்வு எழுதிய 721 பேரில் முதலிடம் பெற்றவர் மனுவேல் ஃப்ராகாந்தே என்ற பிலிப்பினோ. நேர்காணலில் அவருடைய உச்சரிப்பு கடினமாக இருக்கிறது என்று வேலையை மறுத்துவிட்டார்கள். வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் நகராட்சிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அவர் பேசியது பொதுமக்களுக்குப் புரிகிறதா என்று எவரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. சில நிமிடங்கள் கேட்ட நேர்காணல் குழுவின் காதே அளவுகோலாயிற்று. மணிலாவில் தீவுக்காரரின் காதுபடச் சிரித்தவரும், அமெரிக்காவில் வேலை கேட்டுப் போனால் ஃப்ராகாந்தே நின்ற இதே இடத்தில்தான் நிற்பார்.

அதிகாரம் கைமாறினால் காதும் மாறும் என்பதை 2016 காட்டியது. டாவோ நகர மேயராக இருந்த ரோட்ரிகோ துதெர்தே, மிண்டனாவோவிலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவரானார். செபுவானோ கலந்த அவருடைய தகாலோக் ஆறு ஆண்டுகள் நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. 'மணிலா ஏகாதிபத்தியம்' என்று நெடுநாள் முணுமுணுத்தவர்களுக்கு அது பெருமிதம் தந்தது. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் அவருடைய ஆட்சி சிந்திய இரத்தத்தை நான் மறக்கவோ மன்னிக்கவோ முடியாது; ஆயினும் அந்த வாக்குகளில் ஒரு பகுதி, காலமெல்லாம் கேலி செய்யப்பட்ட நாவின் வாக்கு என்பதைப் புரிந்துகொள்ளாமல் அந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ள இயலாது. அதற்கு முன்பே செபுவின் இளைஞர்கள் தம்மைப் 'பிஸ்டாக்', அதாவது அசல் பிசாயா, என்று பெருமையோடு அழைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். 2000களில் பிசாயா ராக் இசையும், 2013இல் தொடங்கிய விஸ்பாப் பாடல் போட்டியும் அந்த மொழியில் காதலையும் கோபத்தையும் பாடலாம் என்று காட்டின. இதையே நான் துதெர்தேயின் வெற்றியைவிட நீடித்து நிற்கக்கூடிய மாற்றமாக மதிக்கிறேன்.

சட்டத்தின் துணை மிகக் குறைவு. பழங்குடியினருக்கு 1997ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தருகிறது. உச்சரிப்புக்காகவோ மாகாணத்துக்காகவோ வேலையிலும் வாடகை வீட்டிலும் ஒதுக்கப்படும் ஒரு செபுக்காரருக்கோ வாராய்க்காரருக்கோ நாடு தழுவிய முழுமையான சட்டம் எதுவும் இல்லை. மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமலே காலாவதியாகியிருக்கின்றன. பள்ளியில் ஒரு நல்ல முயற்சி நடந்தது: 2012 முதல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்று மொழியாக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதியும் பெற்றது. பல குழந்தைகள் தம் மொழியைப் பாடநூலில் அச்சாகிப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 12027ஆம் எண் சட்டம் அதை நிறுத்தி, பயிற்று மொழி ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் என்று திருப்பிவிட்டது. வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே தாய்மொழி பேசுபவர்களாக இருந்து, அம்மொழிக்கு அங்கீகரிக்கப்பட்ட எழுத்துமுறையும் சொற்களஞ்சியமும் இலக்கண நூலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்தால் மட்டும் தாய்மொழியில் கற்பிக்கலாம் என்று ஒரு வழியை அது விட்டுவைத்திருக்கிறது. செபுவானோவுக்கும் இலோகானோவுக்கும் இவை அனைத்தும் உண்டு. அங்கே பெற்றோரும் பள்ளிகளும் வலியுறுத்திக் கேட்டால் அந்த வழி திறக்கும். எழுத்துமுறையே இன்னும் முடிவாகாத சிறிய மலைமொழிகளின் குழந்தைகளுக்கு அது இப்போதைக்கு மூடியே இருக்கிறது.